மணிகரண் போக வழி, தங்கல், ஊற்றில் சோறு: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர்க்காரன்:
அண்ணன்மாரே, ஆச்சிமாரே, வைகாசிக் கடைசியில் எட்டுப் பேர் இமாசலப் பிரதேசத்து வெந்நீர் ஊற்றுத் தலமான மணிகரணுக்குக் கிளம்புகிறோம். இரண்டு பேருக்கு எழுபது தாண்டிவிட்டது. காசி என்றால் நம்ம நகரத்தார் சத்திரம் இருக்கிறது; இமாசலத்தில் எங்கே தங்குவது? ஊற்றிலேயே அரிசி வேகும் என்கிறார்களே, சாப்பிடுகிற பதத்துக்கு வருமா, இல்லை படம் எடுக்க மட்டும்தானா?

தேவகோட்டை ரஸ்தா:
காரைக்குடியிலிருந்து காலைப் பல்லவன் ரயிலில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி. தில்லியில் ஒரு பகல் படுத்து எழுந்துவிட்டு, சாயங்காலம் காஷ்மீரி கேட்டில் மணாலி பஸ் ஏறுங்கள். ஆனால் மணாலி வரை போகக் கூடாது, பூந்தரில் இறங்க வேண்டும். பஸ் அங்கே விடியற்காலையில் வரும். எல்லாரும் தூங்கிப்போனால் குல்லு தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லி வையுங்கள், ஒருவர் அலாரமும் வைக்கட்டும்.

பூந்தரிலிருந்து ஜரி, கசோல் வழியாக 35 கிலோமீட்டர். குறுகலான மலைப்பாதை, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. தலை சுற்றுகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். ஆடி, ஆவணிக்குத் தள்ளிப்போடாதீர்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைத்துவிடும்.

தங்க குருத்வாரா சராய் (யாத்ரீகர் விடுதி) இருக்கிறது, ஆதார் அட்டை எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் தரையில் படுக்கத்தான் இடம் கிடைக்கும். முட்டி வலிக்காரர்களுக்குப் பக்கத்து லாட்ஜே மேல்.

பள்ளத்தூர் ஆச்சி:
சோறு நிஜமாகவே வேகும் தம்பி. ஆனால் பொறுமை வேண்டும். அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்கே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அதனால் நம்ம அடுப்புக் கணக்கு அங்கே செல்லாது.

மெல்லிய மல் துணிப் பையில் இருநூறு கிராம் பச்சரிசி, அரை மணி நேரம் ஊறியது. முடிச்சைப் பையின் வாயோரத்தில் போடுங்கள், பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள். இறுக்கிக் கட்டினால் அரிசி உப்ப இடமில்லாமல் வெளிப்பக்கம் குழைந்து, நடுவில் நறுக்கென்று நிற்கும். இரண்டு முழக் கயிறு வேண்டும். ஆவி கையைப் பொசுக்கிவிடும். இருபது நிமிடத்தில் தூக்கி நசுக்கிப் பாருங்கள். புழுங்கல் இரட்டிப்பு நேரம் பிடிக்கும். கவுனி அரிசியைக் கொண்டுபோகவே போகாதீர்கள், பொழுது போய்விடும்!

குருத்வாராவின் அன்னதானக் கூடமான லங்கரில் பெரிய பெரிய பாத்திரங்களை ஊற்றில் இறக்கி மூடி வைத்துத்தான் பருப்பும் சோறும் ஆகின்றன. குரு நானக் தன் சீடர் மர்தானாவோடு வந்தபோது கல்லைப் புரட்டச் சொன்னார், வெந்நீர் வந்தது, முதலில் மூழ்கிய ரொட்டிகள் பிறகு வெந்து மிதந்தன என்பது சீக்கியர் சொல்லும் கதை. பார்வதி தொலைத்த மணியைத் தேடப் போய், ஆதிசேஷன் சீறியதில் மணிகளோடு வெந்நீர் பொங்கியது என்பது நம்ம பக்கக் கதை. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்.

கோட்டையூர்க்காரன்:
நன்றி ஆச்சி. வயசானவர்கள் குளிக்கலாமா? குருத்வாராவில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கானாடுகாத்தான்:
குளிக்கிற தொட்டியில் பச்சைத் தண்ணீர் கலந்து விடுகிறார்கள், ஆனாலும் சூடுதான். முதலில் கால், பிறகு இடுப்பு. ஐந்து நிமிடம் போதும். பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கிறுகிறுப்பு தொட்டிக்குள் இருக்கும்போது தெரியாது, எழுந்து ஏறும்போதுதான் தள்ளும். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கிலி, காப்பைக் கழற்றி வையுங்கள், உலோகம் சட்டென்று சுட்டுவிடும். ஆண், பெண் தொட்டி தனித்தனி. பக்கத்திலேயே ஓடும் பார்வதி ஆற்றில் மட்டும் காலை நனைக்காதீர்கள். பனியுருகிய தண்ணீர், இழுப்பு பயங்கரம்.

குருத்வாராவுக்குள் தலை மூடியிருக்க வேண்டும், ஆணோ பெண்ணோ. கைக்குட்டையோ துண்டோ போதும். பையில் சிகரெட், புகையிலை இருக்கக் கூடாது. ரொட்டியையும் கடா பிரசாதம் என்கிற கோதுமை அல்வாவையும் இரண்டு கையையும் ஏந்தி வாங்குங்கள். பிரசாதத்தில் நெய் சொட்டும். வெள்ளை வேட்டிக்காரர்கள் கவனம். இலையில் மிச்சம் வைப்பது நம்ம பந்தியில் எப்படியோ, அங்கே தட்டிலும் அப்படித்தான், பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ராஜா ஜகத் சிங் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய ராமர் கோயிலும், 1905 நிலநடுக்கத்தில் சாய்ந்த சிவன் கோயிலும் நடை தூரம்தான். திரும்பும் வழியில் மண்டி என்கிற ஊரில் இறங்கி ரிவால்சரையும் பார்த்துவிடுங்கள்: ஒரே குளக்கரையில் நம்ம கோயில், குருத்வாரா, பௌத்த மடம் மூன்றும்.