வீட்டு வேலைக்குக் கார்ட்லெஸ் டிரில்: 12 வோல்ட்டா, 18 வோல்ட்டா?

பல்லாவரம்வாசி:

வணக்கம் நண்பர்களே. பல்லாவரத்தில் கொஞ்சம் பழைய அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு வந்திருக்கிறோம். சாமான்களை இறக்கி வைத்த கையோடு வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. ஜன்னல்களுக்குக் கர்ட்டன் ராடு, பால்கனி சீலிங்கில் கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் துணிக்கொடி, ஹாலில் இரண்டு ஷெல்ஃப், ஆன்லைனில் வாங்கிப் பலகை பலகையாக வந்து கிடக்கும் அலமாரி, இது போக ஆடிக்கொண்டிருக்கும் கதவுக் கீல்கள். ஹவுஸ் ஓனர் ஓட்டை போட அனுமதி கொடுத்துவிட்டார். எலெக்ட்ரீஷியன் ஓட்டைக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார், கூப்பிட்டால் "நாளைக்கு வரேன் சார்" என்பதோடு சரி.

அதனால் ஒரு கார்ட்லெஸ் டிரில் வாங்கிவிடலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. 12 வோல்ட், 18, 20, 21, ஒன்றில் 48, இன்னொன்றில் 88 என்றெல்லாம் போட்டிருக்கிறான், இதில் 88 போட்டது 12 போட்டதைவிட விலை குறைவு! பட்ஜெட் ஆறாயிரம், மிஞ்சிப் போனால் ஏழு. பிரஷ்லெஸ் அவசியமா, டார்க் எவ்வளவு வேண்டும், இம்பாக்ட் வேண்டுமா, எதுவும் புரியவில்லை. இதுவரை ஸ்க்ரூ டிரைவர் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

மரத்தூள்:

வோல்ட்டை அப்புறம் பார்க்கலாம் பாஸ், முதலில் உங்கள் வீட்டுச் சுவர் என்ன சுவர் என்று சொல்லுங்கள். கார்ட்லெஸ் வாங்கியவர்கள் பாதிப் பேர் நொந்துபோவது இதைப் பார்க்காததால்தான். நம் ஊர் வீடுகளில் முதலில் வரும் இரண்டு வேலை கர்ட்டன் ராடும் சீலிங் துணிக்கொடியும், இரண்டுமே நேராகக் கான்கிரீட்டில் போய் நிற்கும். ஜன்னலுக்கு மேலே மூன்று நான்கு அங்குலத்தில் பிராக்கெட் வைத்தால் அது லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் உத்தரம். சீலிங் என்றால் கேட்கவே வேண்டாம், முழு ஸ்லாப். அதே மெஷின் பக்கத்துச் செங்கல் சுவரில் வெண்ணெயாக இறங்கும், இங்கே பூச்சு வரைக்கும் போய்விட்டு அப்படியே நின்று கத்தும்.

பெட்டியில் இம்பாக்ட் என்றோ ஹேமர் என்றோ போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 20,000 அடிக்கு மேல் என்று போட்டிருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு அடியும் மிகச் சின்னது, நீங்கள் பின்னாலிருந்து எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதற்கு ஏற்றபடிதான் வேலை நடக்கும். ரோட்டரி ஹேமர் என்பது வேறு சாதி. அதில் காற்றழுத்தத்தால் ஒரு பிஸ்டன் ஓடி பிட்டின் (முன்னால் மாட்டும் துளை போடும் கம்பி) பின்பக்கம் அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் சின்ன மெஷினிலேயே ஒரு அடி 2 ஜூல் அளவுக்கு வரும். கான்கிரீட்டில் அரை நிமிடத்துக்குள் ஓட்டை விழுந்துவிடும், அழுத்தவும் வேண்டாம். எலெக்ட்ரீஷியன் கொண்டு வருவது பெரும்பாலும் இதைத்தான். அதன் பிட்டும் வேறு, எஸ்டிஎஸ் என்று பின்பக்கம் பள்ளம் வெட்டியிருக்கும், சாதாரண டிரில் பிட் நேரடியாக அதில் உட்காராது.

இன்னொன்று, விவரப் பட்டியலில் "மேசனரி 10 எம்எம்" என்று இருந்தால் செங்கல் சுவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள், 12 வோல்ட் மெஷின்களில் பெரும்பாலும் இருக்காது.

உங்கள் பட்ஜெட்டில் என் கருத்து: 500, 550 வாட் ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில் ஒன்று நல்ல பிராண்டில் மூவாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். சுவருக்கு அது. மீதிப் பணத்தில் அலமாரி பூட்ட, கீல் முடுக்க ஒரு சின்ன பேட்டரி ஸ்க்ரூ டிரைவர். ஒரே மெஷினில் எல்லாம் என்று போகாதீர்கள்.

மேடவாக்கம் மாமா:

மரத்தூள் தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் சரி, ஆனால் முடிவு சரியில்லை. ஒயர் டிரில் வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா, பால்கனியில் பிளக் பாயிண்ட் இருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேட வேண்டும், ஏணி மேல் நின்றுகொண்டு ஒரு கையில் ஒயரைப் பிடிக்க வேண்டும், கடைசியில் மெஷின் பரணில் போய்த் தூங்கும். கார்ட்லெஸ் என்றால் கையில் எடுத்தோமா, ஒரு ஓட்டை போட்டோமா, வைத்தோமா என்று இருக்கும். வீட்டில் ஆண்டு முழுக்க வரும் வேலையில் முக்கால்வாசி ஸ்க்ரூ முடுக்குவதும் மரத்தில் துளை போடுவதும்தான், கான்கிரீட் எப்போதாவதுதான்.

12 வோல்ட் வகையில் 30 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, வருகிறது, வீட்டுக்கு அது தாராளம். போஷ் ஜிஎஸ்பி 120 மாதிரி மெஷின்கள் அந்த ரகம், இரண்டு பேட்டரியோடு பெட்டியாக உங்கள் பட்ஜெட்டை ஒட்டியே வரும். அந்தக் கம்பெனி மாடல் எழுத்திலேயே விஷயம் இருக்கிறது: ஜிஎஸ்ஆர் என்றால் ஹேமர் இல்லாதது, ஜிஎஸ்பி என்றால் இம்பாக்ட் உள்ளது, ஜிபிஹெச் என்றால் ரோட்டரி ஹேமர். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் நம்பாதீர்கள், சுவருக்கு ஜிஎஸ்ஆர் ஆகாது.

18 வோல்ட் எடுத்தால் டார்க் 50க்கு மேல் போகும், சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) 13 எம்எம் வரும், ஆனால் கனமும் ஏறும். தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், நல்லதுதான், சார்ஜ் கூடுதலாக நிற்கும், கார்பன் பிரஷ் தேயும் பிரச்சனை இல்லை. அதற்காக வாடகை வீட்டில் நான்கு ராடு மாட்டுபவர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு இரண்டாவது பேட்டரி வாங்குங்கள், ஒன்று தீரும்போது இன்னொன்று கையில் இருப்பதுதான் பெரிய நிம்மதி.

திருகாணி:

88 வோல்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது வோல்ட்டே இல்லை, "88விஎஃப்" என்று எஃப் ஒன்றைக் கூடச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், அது ஏதோ மாடல் பெயர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட்டைத் தாண்டும், அதனால் அதையே 20 என்றும் 21 என்றும் விற்கிறார்கள். 18, 20, 21 மூன்றும் ஒன்றே. அதே மாதிரி 12 வோல்ட் என்பது மூன்று செல், உண்மைக் கணக்கில் 10.8.

பிராண்ட் எடுக்கும்போது மெஷினைவிடப் பேட்டரியைப் பாருங்கள். மூன்று நான்கு வருடத்தில் போவது அதுதான், அப்போது அதே பேட்டரி தனியாகக் கிடைக்க வேண்டும். ஒரே கம்பெனிக்குள்ளும் வம்பு உண்டு: போஷில் பச்சை நிற 18 வோல்ட் பேட்டரி நீல நிற மெஷினில் ஏறாது, நீலம் பச்சையில் ஏறாது.

பல்லாவரம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. சுவர் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டினால் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருக்கிறது. அப்புறம் இன்னொரு விஷயம், மச்சான் அமெரிக்காவிலிருந்து அடுத்த மாதம் வருகிறார், அங்கே டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் சேர்ந்த காம்போ தள்ளுபடியில் கிடைக்கிறதாம், வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். இம்பாக்ட் இருப்பதால் சுவருக்கும் ஆகும்தானே?

திருகாணி:

ஆகாது, அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள். இம்பாக்ட் டிரைவர் வேறு, இம்பாக்ட் டிரில் வேறு. டிரைவர் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும், நீளமான ஸ்க்ரூவை மரத்தில் ஏற்றுவதற்கு அது. சுவருக்குள் முன்னோக்கி அடிக்கும் வேலை அதில் கிடையாது. அந்தக் காம்போவில் கூட வரும் டிரில்லும் மலிவு விலையில் பெரும்பாலும் ஹேமர் இல்லாததாகத்தான் இருக்கும், அங்கே வீடு முழுக்க மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும், ஹேமருக்கு வேலையே இல்லை.

அடுத்தது சார்ஜர். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் புகைதான் வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே பேட்டரிக்கு இந்தியச் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். டிவால்ட் மாதிரி சிலவற்றில் அங்கத்திய 20 வோல்ட் மேக்ஸ் பேட்டரியும் மற்ற நாட்டு 18 வோல்ட் எக்ஸ்ஆர் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பொருந்தும், அதனால் சமாளிக்கலாம். வாரண்டி இங்கே செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கொண்டு வருவதானால் மெஷினைச் செக்-இன் பெட்டியில் வைத்து, கழற்றிய பேட்டரியை மட்டும் கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள், முனையில் டேப் ஒட்டி. 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர் பேட்டரி 36 வாட் அவர்தான், 100க்குள் இருப்பதால் விமானத்தில் பிரச்சனை வராது.

மரத்தூள்:

சுவரைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் வராது. மூலையில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு விழும் தூளைப் பாருங்கள். முதலில் வரும் சாம்பல் தூள் பூச்சு, அதை விடுங்கள். அரை அங்குலம் தாண்டிச் சிவப்பாக வந்தால் செங்கல், ராஜா வீடு, எந்த மெஷினும் போதும். வெள்ளையாக, மாவு மாதிரிக் கொட்டி, பிட் சர்ரென்று இறங்கினால் ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். அதில் ஹேமரை நிறுத்திவிட்டுச் சும்மா சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை அகண்டு ரால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) நிற்காது, பிளக்கும் நீளமானதாக வாங்க வேண்டும். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து பிட் நகரவே மாட்டேன் என்றால் கான்கிரீட்.

மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை, இவர் அலமாரி, கீல் என்று பட்டியல் போட்டதைப் பார்த்தால் கார்ட்லெஸ்ஸும் நியாயம்தான். ஆனால் ஸ்லாப்பில் 12 வோல்ட்டை வைத்துப் போராடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மேடவாக்கம் மாமா:

ஸ்லாப்பில் போராடு என்று நான் சொல்லவே இல்லையே தம்பி. துணிக்கொடிக்கு மட்டும் அந்த "நாளைக்கு வரேன் சார்" ஆளையே பிடித்து எல்லா ஓட்டையும் ஒரே தடவையில் போட்டு வாங்கிவிடலாம், அல்லது தெரிந்தவரிடம் ரோட்டரி ஹேமர் அரை நாள் இரவல். கர்ட்டன் ராடுக்கு வேறு வழி இருக்கிறது. லிண்டல் சாதாரணமாக ஆறு அங்குலம் உயரம். பிராக்கெட்டை ஜன்னலுக்கு மேலே எட்டு ஒன்பது அங்குலத்துக்கு ஏற்றினால் மறுபடி செங்கல்லுக்கு வந்துவிடுவீர்கள், பார்க்கவும் ஜன்னல் உயரமாகத் தெரியும். துணியை அதற்கு ஏற்ற நீளத்தில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வரும் அடுக்குமாடிகளில் மைவான் என்று அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள், அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தந்திரம் எதுவும் செல்லாது, ரோட்டரி ஹேமர் ஒன்றே கதி. உங்களுடையது பழைய கட்டடம், செங்கல்லாகத்தான் இருக்கும்.

பல்லாவரம்வாசி:

ஹவுஸ் ஓனரிடமே கேட்டுவிட்டேன், செங்கல் சுவர்தானாம். அப்போது 12 வோல்ட் இம்பாக்ட், இரண்டு பேட்டரி, துணிக்கொடிக்கு ஆள், இப்படி முடிவு செய்கிறேன். மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று (சாக்லேட் போதும்). பிட் எது எது வாங்க வேண்டும்? பாத்ரூம் டைல்ஸில் ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும் என்று பட்டியலில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மரத்தூள்:

நூறு பிட் சேர்ந்த செட் வாங்காதீர்கள், அதில் பாதி முதல் நாளே மழுங்கும். கார்பைடு முனை வைத்த மேசனரி பிட் 6, 8 எம்எம் இரண்டு, நல்லதாக. மரத்துக்கு 3, 4, 6. நல்ல ஸ்டார் முனை பிட் ஒன்று, பிஹெச்2 அளவு, நம் ஊர் ஸ்க்ரூவில் பாதிக்கு மேல் அதுதான். பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் உதிரியாகவே கிடைக்கும். 6 எம்எம் ரால் பிளக்குக்கு 6 எம்எம் பிட், பிளக் நீளத்தைவிடக் கால் அங்குலம் ஆழமாகப் போட்டுத் தூளை ஊதிவிட்டு ஏற்றுங்கள். கண்ணில் தூள் படாமல் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள்.

டைல்ஸில் ஹேமர் போட்டால் விரிசல். ஈட்டி முனை டைல் பிட் வாங்கி, குறி வைத்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில் டைலைத் தாண்டும் வரை சும்மா சுழற்றுங்கள், அதன் பிறகு மேசனரி பிட் மாட்டி ஹேமரைப் போடலாம். வழவழவென்ற விட்ரிஃபைட் டைல் என்றால் ஈட்டி முனை திணறும், டைமண்ட் பிட்டும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். முடிந்தால் இரண்டு டைல் சேரும் கோட்டிலேயே போட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூ முடுக்கும்போது கியர் 1, சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையத்தைக் குறைவில் ஆரம்பித்து ஏற்றுங்கள். அதிகத்தில் வைத்து அழுத்தினால் அந்த ஆன்லைன் அலமாரிப் பலகை பிய்ந்துவிடும், அமுக்கிய மரத்தூள் அது.

ஒயர்பாக்ஸ்:

வயரிங் வேலை பார்க்கிறவன், ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், ஒயர் போகும் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் சுவருக்குள் ஏறும். பாத்ரூமில் குழாய்க்கும் ஷவருக்கும் நடுவில் உள்ள நேர்கோடும் அப்படித்தான், அங்கே தண்ணீர் பைப், கண்ணாடியை அதை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். சந்தேகமான இடம் என்றால் மெயினை அணைத்துவிட்டுப் போடலாம், பேட்டரி மெஷினில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

துணிக்கொடிக்கு ஆள் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்லாப்பில் கம்பி அடியிலிருந்து 20 எம்எம் உள்ளே இருக்கும், பிட் திடீரென்று நின்று பளபளவென்று இரும்புத் தூள் வந்தால் அதையே குடையாமல் ஓர் அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஈரத்துணி கனம், அதுவும் தலைக்கு மேல். பிளாஸ்டிக் பிளக்கோடு விடாமல் இரும்பு ஆங்கர் போடச் சொல்லி, மாட்டியதும் ஆள் இருக்கும்போதே நன்றாகத் தொங்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.