அடித்தோல் இறுக்கம்: தையல் போட்டவர்கள், போடாமலே சரியானவர்கள்

ஆண்குறி மொட்டுக்குக் கீழே, முன்தோலை அதோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னத் தோல்பட்டையை டாக்டர்கள் பிரெனுலம் என்பார்கள். எனக்கு அது பிறவியிலேயே குட்டை. சாதாரணமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. விறைத்த நிலையில் தோலைப் பின்னால் தள்ளினால் மட்டும் வில்லின் நாண் மாதிரி இழுத்துக்கொண்டு மொட்டைக் கீழ்ப்பக்கமாகக் குனிய வைக்கும். கல்யாணத்துக்குப் பிறகுதான் தொந்தரவே. உறவின் நடுவில் சுரீரென்று எரியும், சில சமயம் ரத்தம் கசியும். நாலு நாளில் ஆறிவிடும், அடுத்த முறை அதே இடத்தில் கிழியும். கிழிந்து ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்புக்குத் தோலின் நெகிழ்ச்சி கிடையாது. அதனால் ஒவ்வொரு கிழிசலுக்குப் பிறகும் முன்பைவிட இறுக்கம் கூடியது.

முதலில் பார்த்த டாக்டர் சில விநாடிகள் பார்த்துவிட்டு, "முன்தோலையே எடுத்துடலாம்" என்றார். என் முன்தோல் தாராளமாகப் பின்னால் போய் வரும், பிரச்சினை அந்த ஒரு பட்டையில்தான். அப்படியிருக்க முழுவதையும் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். சரியான பதில் கிடைக்கவில்லை. அதனால் ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் போனேன். இந்த இடத்துக்கு யூராலஜிஸ்ட்தான் சரியான ஆள், தயவுசெய்து முதலிலேயே அவரிடம் போங்கள்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். முன்தோலின் வாய் வளையம் இறுக்கமா, தோலில் வெள்ளைத் திட்டு உண்டா, சர்க்கரை இருக்கிறதா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு பிரெனுலோபிளாஸ்டி போதும், முன்தோலைத் தொட வேண்டியதில்லை" என்றார். ஒரு தாளில் படம் வரைந்தும் காட்டினார். பட்டையைக் குறுக்கே வெட்டுகிறார்கள். வெட்டிய வாய் விரிந்து சாய்சதுரம் போல ஆகிறது. அதை நெடுக்காகச் சேர்த்துத் தைக்கிறார்கள். அகலமாக இருந்த வெட்டு நீளமாக மாறிவிடுவதால் பட்டைக்குக் கூடுதல் நீளம் கிடைக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மரத்துப்போக ஊசி போடும்போதுதான் வலி. அதன் பிறகு இழுப்பது தெரியும், வலிக்காது. அரைமணி நேரத்துக்குள் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். தானாகக் கரையும் நூல் என்பதால் தையல் பிரிக்கப் போக வேண்டியதில்லை, பொதுவாக 2 முதல் 3 வாரத்தில் உதிர்ந்துவிடும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பகல் ஒரு பிரச்சினையே இல்லை. விடியற்காலையில் தூக்கத்தில் தானாக விறைக்கும்போது தையல் இழுத்து எழுப்பிவிடும். படுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. விழிப்பு வந்ததும் எழுந்து நாலடி நடந்தால் அடங்கிவிடும். முதல் வாரம் வீக்கமும் நீலம் பாய்ந்த மாதிரி கன்றலும் இருந்தன. துணி ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் தானே கழன்று வரும். உறவு, சுயஇன்பம் இரண்டுக்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். காயம் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் அதைச் சுருக்காதீர்கள்.

* * *

அண்ணா, எனக்கு ஆபரேஷன் வரைக்கும் போகல. இழுத்துப் பிடிக்கும், ஆனா கிழிஞ்சதில்ல. டாக்டர் பீட்டாமெத்தசோன் கிரீம் எழுதிக் கொடுத்து, மெல்லிசா தடவி, குளிக்கும்போது மெதுவா தோலைப் பின்னாடி இழுத்துப் பழகச் சொன்னார். இறுக்கம் தெரியணும், வலி தெரியக் கூடாது, அதுதான் அளவு. இந்த கிரீம் முன்தோல் வாய் இறுக்கத்துக்குத்தான் நல்லா கேட்கும், பட்டை ரொம்பக் குட்டையா இருந்தா பெரிசா எதிர்பார்க்காதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டார். எனக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததால பலன் கிடைச்சது. இது ஸ்டீராய்டு, 4லிருந்து 8 வாரம்தான் கணக்கு. மருந்துக்கடையில சொந்தமா வாங்கி மாசக்கணக்கா பூசுனா தோல் மெலிஞ்சிடும், அப்புறம் இன்னும் சுலபமா கிழியும். காயம் இருக்கும்போது இழுத்துப் பழகவே கூடாது. கூடவே உறவுக்கு வழவழப்பு ஜெல் பயன்படுத்த ஆரம்பிச்சேன், அதுவே எனக்குப் பாதி உதவி.

* * *

எனக்கு ஒரே ராத்திரியில் முழுசாக அறுந்தது. ரத்தத்தைப் பார்த்து நானும் மனைவியும் நடுங்கிவிட்டோம். அந்தப் பட்டைக்குள் சின்னத் தமனி ஒன்று ஓடுகிறது, அதனால்தான் காயத்தின் அளவுக்குப் பொருந்தாமல் ரத்தம் அவ்வளவு வருகிறது என்று பிறகு தெரிந்தது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், 10 முதல் 15 நிமிடம் வரை எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஒரே பிடியாக. அதற்கும் நிற்காவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும், வெட்கத்துக்கு அங்கே இடமில்லை. எனக்கு அங்கே ஒரு தையல் போட்டுத்தான் நின்றது. பணியில் இருந்தவர் முகம் சுளிக்காமல், "இது அடிக்கடி வர்றதுதாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்லி முடியாது.

முழுதும் அறுந்து ஆறிய பிறகு சிலருக்கு இறுக்கமே போய்விடுவதுண்டு. எனக்கும் அப்படித்தான் ஆனது. அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம், தழும்போடு ஆறி நிலைமை மோசமாகிறவர்களும் உண்டு. ஆறுகிற வரைக்கும் உறவு வேண்டாம். திறந்த காயம் வழியாக எச்ஐவி உள்ளிட்ட தொற்றுகள் எளிதில் நுழையும்.

* * *

நான் மனைவி தரப்பிலிருந்து எழுதுகிறேன். அவர் பக்கத்தில் வருவதையே தவிர்த்தார். என்னைப் பிடிக்கவில்லை போல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற துணியில் ரத்தக்கறையைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போனோம். வலியைப் பற்றி டாக்டர் கேட்டபோது அவர் "லேசா" என்றார், நான்தான் உள்ளதைச் சொன்னேன். அண்ணன் தம்பிமார்களே, வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விலகினால் நாங்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம்.

* * *

முன்தோலை எடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மேலே முதலில் எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை, சரி. எனக்குத் தேவைப்பட்டது. எனக்குப் பட்டையும் குட்டை, முன்தோல் வாயும் இறுக்கம், வாயைச் சுற்றி வெள்ளையாகத் தடித்துப்போயிருந்தது. லைக்கன் ஸ்கிலரோசஸ் (தோல் வெளுத்துத் தடித்து இறுகும் ஒரு தோல் நோய்) என்று சந்தேகப்பட்டு, எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். இந்த நிலையில் பட்டையை மட்டும் நீட்டித் தைத்து விட்டுவிட்டால் இறுக்கம் திரும்ப வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு முன்தோலில் தொற்று திரும்பத் திரும்ப வரலாம், அப்போதும் முன்தோலை எடுக்கும் யோசனையைச் சொல்வார்கள். எடுத்த பிறகு முதல் சில வாரம் மொட்டில் துணி பட்டாலே கூசும், பிறகு பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இறுக்கமான தோலைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் கொண்டுவர முடியாமல் மாட்டிக்கொண்டு மொட்டு வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த ஓட்டம் தடைபடக்கூடிய நிலை அது.

* * *

அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. விறைக்கும்போது இழுக்குது, இதுவரை கிழியல. இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கணுமா? நூல் கட்டி வச்சா பட்டை தானா அறுந்திடும்னு ஒருத்தர் சொன்னார். உணர்ச்சி குறைஞ்சிடுமோன்னும் பயமா இருக்கு.

* * *

தம்பி, முதலில் பதிவிட்டவன்தான் பேசுகிறேன். நூலும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். உள்ளே தமனி இருக்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அதைப் படி. நூலால் கட்டினால் சீழ் பிடிக்கும், கோணலாகத் தழும்பு விழும், பிறகு டாக்டருக்குச் சரிசெய்வதே கஷ்டமாகிவிடும். வலியும் கிழிசலும் இல்லையென்றால் அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. குட்டையாக இருப்பதே நோய் இல்லை, தொந்தரவு கொடுத்தால்தான் சிகிச்சை. ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் கல்யாணத்துக்கு முன் நிம்மதியாக முடிவெடுக்கலாம். போகும்போது மூன்றை மட்டும் கேள்: இறுக்கம் பட்டையிலா, முன்தோல் வாயிலா? பட்டையை நீட்டித் தைப்பதா, அறவே எடுப்பதா? முன்தோலை எடுக்கச் சொன்னால், என்ன காரணத்துக்காக?

உணர்ச்சியைப் பற்றி நானும் பயந்தேன், அது உணர்வு நிறைந்த இடம்தான். எனக்குக் குறையவில்லை, வலி வந்துவிடுமோ என்ற பதற்றம் போனதால் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. சிலருக்கு லேசான மாற்றம் தெரியலாம், அரிதாகத் தழும்பு இறுகி மறுபடி தைக்கவும் நேரலாம் என்று கையெழுத்து வாங்கும் முன்பே என் டாக்டர் சொன்னார். உன் டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீயே கேட்டுவிடு.