மறு: 'டிரைக்' – மூவுருளி போதுமா?

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கும் கையேட்டில் 'டிரைக்' என்னும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில். '>' குறியிட்ட வரிகள் குழுவில் மற்றவர்கள் எழுதியவை. ஈருருளி என்பது இருசக்கர வண்டி.

> ஈருருளி இருக்கும்போது மூவுருளியில் என்ன சிக்கல்? டிரைக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

எண்ணிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும், ஐயா. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் 'மூணு சக்கர ஸ்கூட்டர்' பலவற்றுக்கு நாலு சக்கரம். கம்பெனி கொடுத்த பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் சக்கரம். அரசு அறிவிப்புகளில் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்' என்று வரும். நீளம்தான், ஆனால் கணக்குத் தப்பவில்லை. பட்டறையில் வெறும் 'சைடு வீல்'.

வெளிநாட்டு டிரைக் வேறு சாதி. ஹார்லி டேவிட்சன் 1932 முதல் 1973 வரை செய்த சர்வி-கார், 2009இல் வந்த டிரை கிளைடு, ஹோண்டா கோல்டுவிங்கின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு கிட் (மாற்றிப் பொருத்தும் பாகங்களின் தொகுப்பு) மாட்டிச் செய்யும் வண்டிகள் எல்லாவற்றிலும் நடுச்சக்கரம் கிடையாது. இரண்டு சக்கரம் தாங்கிய அச்சுதான் வண்டியை ஓட்டுகிறது.

> எங்கட பக்கம் முச்சக்கரவண்டி எண்டால் ஓட்டோதான். மூவுருளி எண்டு எழுதினாலும் சனம் அதைத்தான் நினைக்கும்.

இதுவும் சரிதான். ஆகச் சக்கரத்தை எண்ணிப் பெயர் வைக்கும் வழியை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நாம் தமிழாக்கிக்கொண்டிருப்பது பழுதுபார்க்கும் கையேடு. இந்த இரண்டு வகையும் பழுதாகும் விதமே வேறு.

இணைப்புச் சக்கர வண்டியில் இழுப்பது நடுச்சக்கரம் மட்டும். பக்கச் சக்கரங்கள் சும்மா உருள்பவை. நண்பர் ஒருவருடைய ஸ்கூட்டர் பெட்ரோல் பங்க் வாசலில் இருந்த வடிகால் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் ஏறி நின்றுகொண்டன, நடுச்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றுகிறது. முறுக்க முறுக்கச் சத்தம்தான், வண்டி அசையவில்லை. எஞ்சினிலும் கிளட்சிலும் குறை தேடிப் பயனில்லை. பக்கச் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை தரைக்கு ரொம்ப இறங்கியிருந்தது, அதன் ஸ்பிரிங்கும் விறைப்பு. கையை ஏற்றி வைத்ததும் தீர்ந்தது. அதே வண்டியில் இடப்பக்க டயர் உள்விளிம்பில் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது, வெளிவிளிம்பில் புதுப்பூ அப்படியே. சக்கரம் நேராக நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கை சேஸிஸில் சேரும் வெல்டிங்கில் முடிபோல ஒரு விரிசல், அதன்மேல் பெயின்ட்.

இந்த வகைக்கு 'இணைப்புச் சக்கர வண்டி' என்ற பெயரே இருக்கட்டும். வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

அடுத்த வகைக்குத்தான் சொல் தேவை. மாட்டுவண்டி ஆசாரிகளிடம் 'இருசு' என்ற சொல் உண்டு. இரண்டு சக்கரத்தையும் தாங்கும் குறுக்குக் கட்டை. பின்சக்கரத்தைக் கழற்றி இருசு வைப்பதை 'இருசு மாற்றம்' என்போம், அப்படி மாற்றிய வண்டியைப் 'பின்னிருசு வண்டி' என்போம். காருக்கும் பின்னிருசு உண்டே என்று யாராவது கேட்பீர்கள். காரை யாரும் அப்படி அழைக்கப்போவதில்லை, குழப்பம் வராது.

> டிஃபரன்ஷியலுக்கு 'வகையீட்டுப் பல்லிணை' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

தங்கையே, அது கணக்கு வாத்தியார் வைத்த பெயர். வகையீடு நுண்கணிதத்துக்குப் பொருந்தும், இரண்டு பின்சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் இந்தப் பல்பெட்டிக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை. மாட்டுவண்டியில் இருசு சுற்றாது, சக்கரங்கள்தான் அதன்மேல் தனித்தனியே சுற்றும். திருப்பத்தில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் தன்பாட்டுக்குப் போகும். டிரைக்கில் இருசே சுற்றிச் சக்கரத்தை இழுக்கிறது. ஒரே கம்பியில் இரண்டையும் இறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் இருந்தால், ஒரு யூ-டர்ன் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 மீட்டர் அதிகம் போக வேண்டும். அகலமாகத் திருப்பினாலும் ஒடித்துத் திருப்பினாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தத் தூரத்தை டயர் தேய்த்துத்தான் கழிக்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

டிஃபரன்ஷியல் செய்வது என்ன? உள்சக்கரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை வெளிச்சக்கரத்துக்குக் கூட்டிக் கொடுக்கிறது. ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் ஈடுசெய்கிறது. எனவே 'ஈடுசெய் பல்லிணை'. அலுவலகத்தில் ஈடுசெய் விடுப்பு எடுக்கும் எவருக்கும் விளக்கம் வேண்டாம். இறுக்கிய இருசைக் 'கட்டு இருசு' என்றும், இது உள்ளதை 'ஈடுசெய் இருசு' என்றும் பிரித்துக்கொள்ளலாம். மெக்கானிக் 'டிஃபரன்ஷியல்' என்றுதான் சொல்வார். கையேட்டில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதுவோம்.

> முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் ஆங்கிலத்தில் தலைப்பிரட்டையின் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே?

எதற்கு? சென்னையில் மீன்பாடி வண்டி பார்க்காதவர் உண்டா? முன்னால் இரண்டு சக்கரத்தின்மேல் பலகை, பின்னால் ஓட்டுபவரும் ஒற்றைச் சக்கரமும், பலவற்றில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினும். ஒற்றைச் சக்கரம் இழுப்பதால் ஈடுசெய் பல்லிணையே தேவையில்லை. 2007இல் வந்த கேன்-ஆம் ஸ்பைடரும் சக்கரக் கணக்கில் இதே அமைப்புதான். 'மீன்பாடி அமைப்பு' என்றே எழுதுவேன். விலை உயர்ந்த வண்டிக்கு மீன் பெயரா என்று முகம் சுளிப்பவர்கள் தலைப்பிரட்டையை நினைத்துக்கொள்ளட்டும்.

சட்டச் சொல் பற்றி ஒரு வரி. வண்டியை இப்படி மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பொருந்தும், ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமல் முடியாது. மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்குச் சட்டத்தில் இருந்த பழைய 'இன்வேலிட் கேரியேஜ்' என்ற பெயரை எக்காரணம் கொண்டும் தமிழாக்க வேண்டாம். 2019 திருத்தத்தில் வந்த 'அடாப்டட் வெஹிக்கிள்' என்பதற்குத் 'தகவமைத்த ஊர்தி' போதும்.

மிச்சம் இருப்பது ஒன்று. ஹேண்டில் தண்டின் சாய்வை அதே கோட்டில் தரைவரை நீட்டினால் அது முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். அந்த இடைவெளிதான் 'டிரெயில்'. இரண்டு சக்கர வண்டியை நேராக ஓடவைப்பது அது. ஆனால் வண்டி சாய முடியாத டிரைக்கில் அதுவே ஹேண்டிலைக் கல்லாக்கிவிடும். அதனால்தான் நல்ல கிட்களில் ஃபோர்க் பிடியையும் (முன்சக்கரம் தாங்கும் ஃபோர்க்கை ஹேண்டில் தண்டோடு பிடிக்கும் பாகம்) மாற்றி டிரெயிலைக் குறைக்கிறார்கள். ஹேண்டில் கனக்கிறது என்று வருபவர்களுக்குக் கோன்செட்டை (ஹேண்டில் தண்டின் பேரிங்கை) மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறைகள் இருப்பதால், இந்தச் சொல் கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். 'பின்தங்கு தூரம்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே அது பிடிக்கவில்லை, பந்தயத்தில் தோற்றவன் மாதிரி ஒலிக்கிறது. தச்சர், கொல்லர் வழக்கில் இதற்குச் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை ஐந்தாம் அத்தியாயத்தை நிறுத்தி வைக்கிறேன்.