புதுப்பிப்பு: அந்த ஹீலா செல்கள் ஏன் வளரவில்லை?

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வரும் ஆய்வு மாணவி எங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா செல்கள் (ஆய்வுக்காக வளர்க்கப்படும் ஒரு வகைப் புற்றுநோய் செல்கள்) வாரக்கணக்கில் மந்தமாக இருக்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். அவள் கை சுத்தம் போதாது என்றும் சொல்லியிருந்தேன். செல்லைச் சோதியுங்கள் என்று சிலர் சொன்னீர்கள்.

சரி, விடை கிடைத்துவிட்டது: மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத குட்டி பாக்டீரியா. சாதாரண நுண்ணோக்கியில் சிக்காது, செல்கள் வளரும் சத்துத் திரவமும் பெரும்பாலும் கலங்காது. பென்சிலின் தாக்குவது செல்சுவரை; இதனிடம் அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

கண்டுபிடித்தது அவள்தான். டிஎன்ஏவில் ஒட்டும் சாயம் போட்டுவிட்டு, "சார், இங்க கொஞ்சம் பாருங்க" என்றாள். உட்கரு நீலமாக ஒளிர்ந்தது. அதற்கு வெளியேயும் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள், சிந்திய ரவை மாதிரி. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையும் அதையே சொன்னது.

அப்புறம் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருந்த மூலக் குப்பியை, அதாவது அவள் வளர்த்த செல்கள் உறைநிலையில் முதலில் இருந்த குப்பியை, சோதித்தோம். அதிலேயே தொற்று. லேபிளில் இருந்தது என் கையெழுத்து.

அன்றே மன்னிப்புக் கேட்டேன். இருப்பு முழுவதையும் அழித்தாயிற்று. இனி மாதாமாதம் சோதனை. புதிதாகச் சேர்ந்த இருவருக்கு அவள்தான் கற்றுக்கொடுக்கிறாள்.