மறு: பாதி வழியில் நின்றுபோகும் அதிர்ச்சி அலைக்கு ஒரு சொல் (வியாழனுக்குள்)

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குச் சூப்பர்நோவாவின், அதாவது பெரிய விண்மீன் சாகும்போது நிகழும் வெடிப்பின், கணிதப் படிமங்கள் பற்றித் தமிழில் வகுப்பெடுக்க வேண்டும். குறிப்பு வியாழன் மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போகணும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். விண்மீனின் இரும்பு உள்ளகம், தன் எடையைத் தானே தாங்கக்கூடிய சந்திரசேகர் எல்லையை, அதாவது ஏறக்குறைய 1.4 சூரிய நிறையை, எட்டியதும் சரிவு தொடங்குகிறது. அணுக்கருவின் அடர்த்தி வந்ததும் விறைத்து எதிர்த்துத் துள்ளுகிறது. அதில் பிறக்கும் அதிர்ச்சி அலை விண்மீனைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று பார்த்தால், இல்லை. இரும்பு அணுக்கருக்களை உடைத்தே வலுவிழந்து, மையத்திலிருந்து 150 கி.மீ. வாக்கில் நின்றுவிடுகிறது. இங்கிருந்து மதுரைகூட வராத தூரம்! அப்புறம் உள்ளகத்திலிருந்து வரும் நியூட்ரினோக்கள் (பெரும்பாலும் எதிலும் மோதாமல் போகும் நுண்துகள்கள்) சூடேற்றித்தான் அதை உசுப்ப வேண்டும். நின்றுபோன இந்த அலைக்கு என்ன பெயர்? 'நிலை அலை' பதினொன்றாம் வகுப்பிலேயே வேறொன்றுக்குப் போய்விட்டது.

சுசீந்திரத்திலிருந்து:

டீச்சர், சொல் கையிலேயே இருக்கிறது: தூங்கல். 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்னும் குறளில் தூங்குதல் காலந்தாழ்த்துவது. சோழன் எறிந்த 'தூங்கெயில்' வானத்தில் தொங்கிய கோட்டை. தாமதமும் உண்டு, அந்தரத்தில் நிற்பதும் உண்டு. யாப்பையும் பாருங்கள்: கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. உள்ளகம் துள்ளுகிறது, அலை தூங்குகிறது. இதைவிட என்ன வேண்டும்?

மார்த்தாண்டத்திலிருந்து:

ஐயா, தூங்கு + அலை புணர்ந்தால் 'தூங்கலை'. பையன் 'தூங்கவில்லை' என்று படிப்பான். 'தேங்கு' என்று போட்டாலும் அதே கதை, 'தேங்கலை'. இலக்கணம் சரி, பொருள் நேர்மாறு.

சுசீந்திரத்திலிருந்து:

அதனால்தானே தொழிற்பெயராக வைத்தேன்! ('தூங்கலலை' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்குகிறது. இடம் விட்டு எழுதலாம்.) மேலும் நம் பக்கம் ராத்திரி உறங்குகிறவர்கள்தானே நாம்? தூங்குவது உத்தரத்தில் கட்டிய வாழைக்குலை.

குளச்சலிலிருந்து:

வாழைக்குலை சரி, ஐயா. ஆனால் அந்த அலை சும்மா தொங்கவில்லையே. மேலிருந்து பொருள் ஓயாமல் அதைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது. மணக்குடிப் பொழியில், ஆறு கடலில் சேரும் வாயில், பழையாறு வெள்ளமாக இறங்கும்போது, எதிர்த்து ஏறப் பார்க்கும் திரை ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் ஓரிடத்தில் நுரைத்து நிற்குமே, அதுதான் இது. 'முட்டுத்திரை' என்று வையுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

திரை என்றால் பிள்ளைகளுக்கு சினிமா, அண்ணாச்சி.

நாகர்கோவிலிலிருந்து:

பொழி உவமையை வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன், நன்றி. ஆனால் சொல்லில் இன்னொன்றும் தெரிய வேண்டும்: அலை செத்துவிடவில்லை. நியூட்டனின் ஈர்ப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் உள்ளகம் சற்றுத் தளர்வாக இருக்கும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைச் சேர்த்தால் இன்னும் இறுகிச் சூடாகிறது. வெளிவரும் நியூட்ரினோக்களின் ஆற்றல் கூடுகிறது, அலை மறுபடி கிளம்பும் வாய்ப்பும் பல கணிப்புகளில் கூடுகிறது.

சுசீந்திரத்திலிருந்து:

தூங்கினது எழும்பும் டீச்சர்! தூங்குவது உறங்குவது என்னும் சென்னைப் பொருளிலும் என் சொல்தான் நிற்கிறது.

தக்கலையிலிருந்து:

இத்தனை நாள் வாசிக்க மட்டும் செய்தேன். 1987 பிப்ரவரி 23 அன்று பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவிலிருந்து வந்து, மூன்று கருவிகளில் சிக்கிய நியூட்ரினோக்கள் மொத்தமே இரண்டு டஜன்தான். அதற்கு நாம் எழுதிய மடல்கள் கூடுதல். 'தேங்கிய அதிர்ச்சி அலை' என்று பிரித்தே எழுதி முடியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

நான்கு பேருக்குச் சம்மதம், ஐயாவுக்கு இல்லை. கடை ஏழு மணிக்கு அடைத்துவிடும். 'தேங்கிய' என்றே கொடுத்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் 'தூங்கல்' இருக்கிறது, ஐயா.

சுசீந்திரத்திலிருந்து:

தேங்குவது குளத்துத் தண்ணீர். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், முதல் மடலில் 'சரிவு' என்று எழுதியிருந்தீர்களே, சரிவது மலையோரத்து மண் அல்லவா? உள்ளகம் நாலாபக்கமிருந்தும் உள்நோக்கி விழுகிறது. அதற்கு ஒரு சொல் யோசித்து வைத்திருக்கிறேன்.