நிறத்தை வைத்து கேலக்ஸியின் நிறையைச் சொல்லலாமா?

நிறமாலைக்காரன்:
சிலியில் உள்ள ரூபின் ஆய்வகம் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 2000 கோடி கேலக்ஸிகளைப் படம்பிடிக்கப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் தூரம், விண்மீன்களின் மொத்த நிறை, வயது, புது விண்மீன்கள் பிறக்கும் வேகம் என்று பட்டியல் போடுவார்கள். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நம் கையில் இருக்கப்போவது ஆறு ஃபில்டர்களில் அளந்த ஆறு வெளிச்ச அளவுகள்தான். அவற்றை ஒப்பிட்டுக் கிடைப்பதுதான் இங்கே நிறம். ஆறு எண்களிலிருந்து இத்தனையும் எப்படி வரும்? இதை அளவீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022-இல் நடந்ததைப் பாருங்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் இருந்த சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நீண்ட அளவு, கூடினால் தூரமும் கூடும்) சுமார் 16 என்று நிறத்தை வைத்துச் சொன்னார்கள். பெருவெடிப்பு நடந்து 25 கோடி ஆண்டுகூட ஆகாத காலம் அது. அடுத்த ஆண்டு நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தால் 4.9! அதாவது சுமார் 120 கோடி ஆண்டு. தூரமே தப்பு என்றால் அதிலிருந்து கணக்கிட்ட நிறையும் தப்புதானே?

கீழ்வானம்:
நல்ல உதாரணம். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மிகத் தொலைவில் உள்ள கேலக்ஸியின் ஒளியில் ஓர் அலைநீளத்துக்குக் கீழே உள்ளதை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். அதனால் நீலப்பக்க ஃபில்டர்களில் அது காணாமல் போகும். சீயர்ஸ்-93316-இல் சூடான வாயுவின் பலமான உமிழ்வுக் கோடுகள் சில ஃபில்டர்களுக்குள் விழுந்து, தூசும் சேர்ந்துகொண்டு, அதே மாதிரி தோற்றத்தைக் கொடுத்தன.

ஆனால் அதே நிறத் தரவை எடுத்த இன்னொரு குழு, 17 அல்லது 5 என இரண்டு விடைகளும் பொருந்துகின்றன, பக்கத்துக் கேலக்ஸிகள் 5-இல் இருக்கின்றன என்று அப்போதே எழுதியது. சரியான விடை நிறத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் முன்னால் வைத்தது மனிதர்கள் எடுத்த முடிவு. அதே படங்களில் கிடைத்த மெய்சி கேலக்ஸிக்கு நிறம் சொன்னது சுமார் 12, நிறமாலை சொன்னது 11.4. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னக் கணக்கு. அரிசோனாவில் டெசி கருவி 5000 ஒளியிழைகளை ரோபோக்களால் நகர்த்தி நிறமாலை எடுக்கிறது. அதன் இலக்கே சில ஆண்டுகளில் 4 கோடி அளவில்தான். 2000 கோடி என்பது அதைப்போல் 500 மடங்கு. அதிலும் மங்கலானவை 4 மீட்டர் தொலைநோக்கிக்கு எட்டவே எட்டாது.

நிறமாலைக்காரன்:
எண்ணிக்கை புரிகிறது. தூரத்தைக்கூட விட்டுவிடுகிறேன். நிறைக்கு வருவோம். ஒரு கேலக்ஸி சிவப்பாகத் தெரிந்தால், அது கிழடாக இருக்கலாம், தூசு மூடிய இளசாகவும் இருக்கலாம், உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) மிகுந்ததாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே நிறம். அப்புறம் சிறு விண்மீன்கள் எத்தனை, பெரியவை எத்தனை என்ற பங்கீடு. 1955-இல் வானியலாளர் சால்பீட்டர் சொன்ன பங்கீட்டை வைத்தால் ஒரு நிறை, 2003-இல் சாப்ரியே சொன்னதை வைத்தால் ஏறத்தாழ 1.7-ஆல் வகுத்த நிறை. கேலக்ஸி அதேதான், ஒளியும் அதேதான்.

கீழ்வானம்:
விண்மீன் பங்கீட்டுச் சிக்கல் சாதாரண நிறமாலையிலும் அப்படியே இருக்கிறது. அதை நிறத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. தூசு விழுங்கிய ஒளி தொலை அகச்சிவப்பில் வெப்பமாக வெளியே வரும். அந்த அளவும் கிடைத்தால் கிழடா இளசா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. லட்சக்கணக்கான கேலக்ஸிகளுக்கு நிறமாலை எடுத்த ஸ்லோன் ஆய்வின் முதல் கட்டத்தில் ஒளியிழையின் அகலம் 3 விகலை. முழுநிலவின் அகலத்தில் 600-இல் ஒரு பங்கு. அருகிலுள்ள பெரிய கேலக்ஸியில் அது நடுப்பகுதியை மட்டுமே பார்த்தது. விண்மீன் பிறக்கும் கைகள் வெளியே நின்றுவிட்டன. அந்த விடுபட்ட பகுதியைச் சரிசெய்ய எதைப் பயன்படுத்தினார்கள்? நிறத்தைத்தான்.

நிறமாலைக்காரன்:
ஒளியிழை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் உண்மையான கவலை வேறு. இப்போது நரம்பு வலையமைப்புகள் என்ற கணினி நிரல்களைப் பழக்கி நிறத்திலிருந்து தூரம் சொல்ல வைக்கிறார்கள். பழக்கக் கொடுப்பது நிறமாலை கிடைத்த கேலக்ஸிகளை, அதாவது பிரகாசமானவற்றை. சொல்லச் சொல்வது மங்கலானவற்றுக்கு. பார்த்தே இராத வகையைப் பற்றியும் அது தயங்காமல் ஓர் எண் தரும்.

கீழ்வானம்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இந்தத் துறையின் மிகக் கடினமான இடம் இதுதான். கேலக்ஸிகளைப் படம்பிடிக்கும் யூக்ளிட் விண்கலத்துக்காக ஒரு வேலை நடந்தது: கேலக்ஸி நிறங்களை எல்லாம் கட்டம் கட்டமாக ஒரு வரைபடத்தில் அடுக்கி, எந்தக் கட்டத்தில் நிறமாலையே இல்லை என்று பார்த்து, ஹவாயின் கெக் தொலைநோக்கிகளை அந்த வகைக் கேலக்ஸிகள் பக்கம் திருப்பினார்கள். கோடிக்கணக்கில் வேண்டாம், காலியான கட்டங்களுக்கு மட்டும் போதும்.

நிறமாலைக்காரன்:
அந்த வழி எனக்குச் சம்மதம். ஆனால் கட்டம் காலியாக இருக்கும்வரை அதில் விழும் கேலக்ஸிக்கு ஒற்றை எண்ணைப் போட வேண்டாம். 17-உம் 5-உம் பொருந்தினால் இரண்டையும் அவற்றின் வாய்ப்போடு பட்டியலில் அச்சிடட்டும். நிறையையும் அப்படியே இரண்டாகக் கொடுக்கட்டும்.