டபுள்ஸ் மட்டும் ஆடிப் பிழைப்பவர்: சாதனையாளரா, ஒதுங்கியவரா?

கேலரிக்காரன்:
மதியம் சாப்பிடும்போது ஆபீஸில் டென்னிஸ் பற்றி ஒரு வாக்குவாதம். அதை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஏடிபி 250 (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கத்தின் சுற்றுப்போட்டி, ஜெயித்தால் 250 புள்ளி) இரட்டையர் பட்டம் வாங்கினார்கள் அல்லவா? விஜய்க்கு அது முதல் பட்டம். ஜீவனுக்கு இரண்டாவது. முதலாவது 2017 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில், போபண்ணாவோடு சேர்ந்து வாங்கிய சென்னை ஓபன். நடுவில் ஏழு வருடம் ஓடிவிட்டது. இதைச் சொன்னதும் பக்கத்து சீட்டுக்காரர், "சிங்கிள்ஸில் தேறாதவர்கள்தானே அங்கே போவார்கள், இதில் என்ன பெருமை?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் சீட்டுக்காரர் சொன்னவிதம்தான் தப்பு, விஷயம் சரி. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. இரட்டையர் முதல் சுற்றில் தோற்றால் ஜோடிக்கு 16,500, ஆளுக்கு 8,250. அதாவது எட்டில் ஒரு பங்கு. இது யாரோ சதி செய்து போட்ட கணக்கு இல்லை. டிக்கெட் எதற்கு விற்கிறதோ, பணம் அங்கே போகிறது. காலி நாற்காலிக்கு முன்னால் ஆடுகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

மதுரைக்காரி:
காலி நாற்காலியா? போபண்ணா 43 வயதில் 2024 ஆஸ்திரேலியன் ஓபன் ஜெயித்து உலக நம்பர் 1 ஆனபோது ஊரே பார்த்ததே. பயஸும் பூபதியும் 1999ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போனார்களே. இந்தியா டென்னிஸில் பெயர் வாங்கியதே பெரும்பாலும் டபுள்ஸில்தான். அதைக் கழித்துவிட்டால் நம்மிடம் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் நம்பர் 1 ஆட்களைச் சொல்கிறீர்கள் மேடம். இந்த விவாதமே கீழ்த்தட்டில் இருப்பவரைப் பற்றி. தரவரிசையில் 70, 90, 120 என்று மேலும் கீழும் போய்வருகிற ஆள். 2024ல் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது: முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75 ஆயிரம். எல்லாமே ஒற்றையர் தரவரிசைப்படி. டபுள்ஸ் மட்டும் ஆடுகிறவருக்கு அதில் இடமே இல்லை. சங்கமே கைவிட்ட தொழிலில் 35 வயது வரை ஒருவர் இருப்பது வைராக்கியமா, வேறு வழி இல்லாமையா?

ஸ்டிரிங்கர் அண்ணன்:
நான் சேலஞ்சர் போட்டிகளில் (ஏடிபி 250க்கு அடுத்த கீழ்ப்படி) ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் போடுகிறவன். பதினோரு வருடம் ஆகிறது. பார்த்ததைச் சொல்கிறேன்.

டபுள்ஸ்காரரின் வாரம் கோர்ட்டில் தொடங்காது, போனில் தொடங்கும். "அடுத்த வாரம் யாரோடு ஆடுகிறாய்?" இதே செய்தியை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஏனென்றால் இரண்டு பேரின் தரவரிசையையும் கூட்டித்தான் போட்டியில் இடம், கூட்டுத்தொகை குறைந்தவர்கள் முதலில். 70ம் 75ம் சேர்ந்தால் 145. ஏடிபி 250 போட்டியில் மொத்தமே 16 ஜோடி. இதில் ஒரு வேடிக்கை, ஒற்றையர் தரவரிசையையும் கணக்கில் காட்டலாம். ஒற்றையரில் 40, 50ல் இருக்கும் இரண்டு பேர் "சும்மா ஆடிப் பார்ப்போம்" என்று பெயர் கொடுத்தால் 90. நம்ம 145 வெளியே. வருடம் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவர் மாற்று ஜோடி வரிசையில் நின்று யாராவது விலகுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சேலஞ்சரில் ஒரு ஆட்டக்காரர் (பெயர் வேண்டாம்) மூன்று ராக்கெட் கொண்டுவந்தார். இரண்டுக்கு மட்டும் போடுங்கள் என்றார். மூன்றாவதன் ஸ்டிரிங் நடுவில் தேய்ந்து, ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. "இது அறுந்துவிடும்" என்றேன். "முதல் சுற்று ஜெயித்தால் நாளைக்குப் போடலாம் அண்ணா" என்றார். நாளைக்கு அவர் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஸ்டிரிங் காசைக்கூட யோசிக்கிற இடத்தில் ஒருவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது?

கேலரிக்காரன்:
அப்படிப் பார்த்தால் ஒற்றையரில் 400ல் இருப்பவரும் அதே காசைத்தான் எண்ணுகிறார். அவரை மட்டும் "போராடுகிற வீரர்" என்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு, உங்கள் பாணியிலேயே: ஹாங்சோ பட்டத்துக்கு ஆளுக்கு 250 புள்ளி. அடிமட்ட சேலஞ்சர் பட்டத்துக்கு 50. அதற்கும் கீழே ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டியில் 15, 25. ஐந்து சேலஞ்சர் பட்டம் வாங்க வேண்டியதை ஒரே வாரத்தில் எடுத்திருக்கிறார்கள். அதுவும் 52 வாரம்தான் நிற்கும், அடுத்த வருடம் அதே வாரத்தில் உதிர்ந்துவிடும். அந்த ஓடும் படிக்கட்டில் முதல் நூறுக்குள் ஒரு தடவை வந்து போவதே லேசான காரியம் இல்லை.

அரைவேக்காடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆனால் டபுள்ஸில் அதிர்ஷ்டம் ஜாஸ்தி இல்லையா? ஏடிபி போட்டிகளில் டியூஸ் (40-40) ஆனால் ஒரே பாயிண்ட், அதோடு கேம் முடிந்தது. மூன்றாவது செட்டே கிடையாது, பத்து பாயிண்ட் டைபிரேக். ஹாங்சோ இறுதிகூட 4-6, 7-6, 10-7. நாலு பந்து வேறு பக்கம் விழுந்திருந்தால் இந்த விவாதமே இல்லை.

ஸ்டிரிங்கர் அண்ணன்:
தம்பி, அந்த ஒரே பாயிண்டில் யார் பந்தைத் திருப்புவது என்று எதிர் ஜோடி தேர்ந்தெடுக்கலாம் தெரியுமா? ஜீவன் இடதுகை. அப்படி ஒரு ஆள் ஜோடியில் இருந்தால் அந்தத் தேர்வுக்கே அர்த்தம் மாறும். அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் தயார் ஆகிறார்கள்.

மதுரைக்காரி:
"தேறாதவர்கள்" என்ற பேச்சுக்கு 2025 யுஎஸ் ஓபன் கலப்பு இரட்டையர் போதும். ஒற்றையர் நட்சத்திரங்களாகப் பார்த்து 16 ஜோடி, இரண்டே நாள், முதல் பரிசு 10 லட்சம் டாலர். டபுள்ஸ்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கதவே திறக்கவில்லை. கடைசியில் கோப்பையைத் தூக்கியது யார்? வைல்ட் கார்டில் (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) உள்ளே வந்த டபுள்ஸ்காரர்கள் எர்ரானியும் வவாசோரியும். இறுதியில் தோற்றவர்கள் ஒற்றையர் நட்சத்திரங்கள் ஸ்வியாடெக்கும் ரூடும். வேறு வேறு வித்தை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
வித்தை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த அரங்கம் நிரம்பியது எர்ரானிக்காகவா, அல்கராஸும் ராடுகானுவும் சேர்ந்து ஆடியதற்காகவா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். வித்தையில் ஜெயித்தார்கள், கூட்டத்தைக் கூட்டியது வேறு ஆட்கள். நான் முதலிலிருந்து சொல்வதும் அதைத்தான். இதில் கொதிக்கிறவர்கள் எத்தனை பேர் கடைசியாக ஒரு டபுள்ஸ் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தீர்கள்? ஸ்கோர் பார்த்து ஸ்டேட்டஸ் போடும் கூட்டம்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் சீண்டல் வேண்டாம். கணக்குப்பிள்ளை, கடைசி வரியைத் தவிர்த்திருக்கலாம்.

கேலரிக்காரன்:
நான் பார்த்தேன். 2017ல் அந்த இறுதி, போபண்ணா-ஜீவன் ஜோடிக்கு எதிரே புரவ் ராஜாவும் திவிஜ் சரணும். நான்கு இந்தியர்கள், 6-3, 6-4. அதுதான் சென்னையில் நடந்த கடைசி ஏடிபி 250 சென்னை ஓபன். மறு வருடம் புனேவுக்குப் போனது, 2023க்குப் பிறகு அங்கேயும் இல்லை. உள்ளூர் ஆளுக்கு ஒரு பெரிய போட்டியில் வைல்ட் கார்டு கிடைக்க இன்றைக்கு நாட்டில் ஒரு ஏடிபி 250 கூடக் கிடையாது. இந்த நிலையில் ஹாங்சோ போய் ஜெயிக்கிறவரைப் பார்த்து "ஒதுங்கியவர்" என்றால் எனக்குக் கோபம் வராதா?

கணக்குப்பிள்ளை:
சரி, கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். மற்றதை இல்லை. என் பையனுக்கு வயது 13, அகாடமியில் ஆடுகிறான். "எனக்கு நெட்டில் ஆடுவதுதான் பிடிக்கிறது, டபுள்ஸ்தான் ஆடுவேன்" என்கிறான். நீங்கள் எல்லாம் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், விமான டிக்கெட் நான் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே இவ்வளவு நேரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரைக்காரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்!

ஸ்டிரிங்கர் அண்ணன்:
அடுத்து நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் வரும்போது பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெரிய கோர்ட் வேண்டாம், பக்கத்துக் கோர்ட். பேஸ்லைனுக்குப் பின்னால் உட்காருங்கள். நெட்டில் நிற்பவர் ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல் காட்டுவார். குறுக்கே பாயப் போகிறாரா, நிற்கப் போகிறாரா என்பது சர்வ் போடுகிறவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு செட் பார்க்கட்டும். அப்புறமும் டபுள்ஸ்தான் என்றால் என்னிடம் அனுப்புங்கள், முதல் ஸ்டிரிங் என் கணக்கு.

கணக்குப்பிள்ளை:
வருகிறேன். இரண்டாவது ஸ்டிரிங் எவ்வளவு?